ஆறு புள்ளி நான்கு

தேநீருக்கு நன்றி, கான்ஸ்டபிள். சர்க்கரைதான் ஒரு கரண்டி கூடிவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. அளவு என்பது எல்லோருக்கும் கைவராது.

டெஸ்ஸா? பால் லாரி ஓட்டியவன். மீன் வறுவல் தின்ற எண்ணெய்க் கையோடு தொலைநோக்கியைத் தொடுவான். ஜெரால்டைன் மாதிரிச் சின்ன ஊரில் வானியல் சங்கம் நடத்தினால் ஆள் பார்த்துச் சேர்க்க முடியுமா, சேர்த்துக்கொண்டோம். நாங்கள் கவனித்தது தனுசு மண்டலத்தில் ஒரு நட்சத்திரத்தை. வருடக்கணக்கில் பளிச்சென்று இருக்கும். திடீரென்று புகையைக் கக்கித் தன் முகத்தைத் தானே மூடிக்கொள்ளும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. வானம் தெளிந்த நாளெல்லாம் அதன் ஒளியைக் கண்ணால் மதிப்பிட்டு எழுத வேண்டும். எண் கூடினால் ஒளி குறைவு. அடுத்தவன் நோட்டை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது விதி. என் நோட்டில் பதினொரு மாதமாக ஆறு புள்ளி நான்கு. ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

டெஸ் எட்டிப் பார்த்தான்.

போன செவ்வாய், மாலை ஏழு மணிக்கு, தொலைநோக்கிக் கொட்டகையில் என்னிடம் வந்தான்.

"லீத், கோவிச்சுக்காதப்பா. அது போன ஆகஸ்ட்லயே மங்கிடுச்சு. இப்ப பத்துல நிக்குது. நீ பக்கத்துல இருக்கற வேற நட்சத்திரத்தப் பாத்து எழுதிட்டிருக்க."

"நானா?"

"யாருக்கும் வர்ற தப்புதான். கூட்டத்துக்கு முன்னாடி நீயே அடிச்சு எழுதிடு, நான் வாயே திறக்க மாட்டேன். இரு, அதத் தொலைநோக்கில நடுவுல வெச்சுக் காட்டறேன்."

அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருடம் இந்தச் சங்கத்துக்கு வானத்தைக் காட்டியவன் நான். ஒரு பால் வண்டிக்காரன் எனக்கு மன்னிப்பு வழங்குகிறான்.

தொலைநோக்கியில் கண் வைக்க ஒன்பது படி ஏணியில் ஏறினான். எங்கள் கொட்டகையில் எரிவது மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். வெள்ளை விளக்கைப் போடுமுன் 'கண்ணை மூடு' என்று குரல் கொடுக்க வேண்டும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

"ஆச்சு, இறங்கறேன்" என்று ஒரு காலைத் தூக்கினான். நான் குரல் கொடுக்கவில்லை. சுவிட்சைத் தட்டினேன்.

கீழே சிமெண்டுத் தரை. உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் உங்களிடம் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் அந்த வெளிச்சத்தில் என் கண்ணும்தான் கூசிப்போயிருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பாதி நேரம் அவன் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அவனைத் தாண்டிப்போய் ஏணியில் ஏறினேன்.

என் நட்சத்திரம் அப்படியே பளிச்சென்று இருந்தது. ஆறு புள்ளி நான்கு என்று எழுதிவிட்டுத்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கான்ஸ்டபிள்: அது ஓரமாகத்தான் தெரிந்தது. நடுவில் ஏதோ ஒரு மங்கல் புள்ளி. இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தும் அந்த மடையனுக்கு ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைக்கக்கூடத் தெரியவில்லை.