மெதுவான நெஞ்சுக்கு மஞ்சள் தொப்பி

பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இனி வாழ்க்கைக்கு இரண்டு சக்கரம் போதும் என்று இறங்கி வந்த, எங்கள் மிதிவண்டிக் கழகத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! ஐம்பதைக் கடந்தும் மேட்டுச் சாலையில் எங்களை முந்திப் போகும் மூத்தோர்களே! ஞாயிறு விடியலில் பிள்ளைகளையும் கணவரையும் சாலைக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வரும்வரை அலைபேசியைக் கீழே வைக்காத தாய்மார்களே! சங்கிலி எண்ணெய் காயாத விரல்களோடு வந்திருக்கும் இளையோர்களே! தேநீருக்கு வந்து பேச்சில் மாட்டிக்கொண்ட அன்பர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"சும்மா ரெண்டு வார்த்தை பேசுங்க மேடம்" என்றார் செயலாளர். சும்மா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது என் தொழில். "சும்மா பாருங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று எந்தக் கடைக்காரர் சிரிக்கிறாரோ, அவருடைய தராசைத்தான் இரண்டு முறை சோதிப்பேன்.

நம்பிக்கையைப் போற்றிப் பேச ஆயிரம் மேடைகள் உண்டு. ஆயிரம் பேச்சாளர்கள் உண்டு. சந்தேகத்தைப் போற்றிப் பேச யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன். அதற்காகத்தான் இன்று வந்திருக்கிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு எங்கள் கழகத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் கண் விழித்ததும், கட்டிலை விட்டு இறங்கும் முன்னே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணுவோம். அந்த எண்ணைக் குழுவுக்கு அனுப்புவோம். மிதித்து மிதித்து வலுப்பெற்ற நெஞ்சு, ஓய்வில் மெதுவாக அடிக்கும். ஆகவே யாருடைய எண் குறைவோ அவருக்கு அந்த வாரம் மஞ்சள் தொப்பி! உலகத்துப் போட்டிகளில் எல்லாம் அதிகம் எடுத்தவர் வெல்வார். நம் கழகத்தில் மட்டும் குறைவாக எடுத்தவர் வெல்வார். ஐம்பத்திரண்டா? அடடா, பாவம். நாற்பத்தெட்டா? பரவாயில்லை. நாற்பத்து மூன்றா? கைதட்டு!

என் கதை வேறு. என் தந்தை நாற்பத்தொன்பது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நெஞ்சு. அதன் பிறகுதான் நான் வண்டி வாங்கினேன். நீங்கள் எல்லாம் ஆசைக்காக மிதிக்கிறீர்கள். நான் அச்சத்துக்காக மிதிக்கிறேன். சிவப்பு விளக்கில் நீங்கள் எதிரே பார்ப்பீர்கள். நான் கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். இரண்டு கைக்கும் இரண்டு கடிகாரம் கட்டினேன். இரண்டும் இரண்டு கணக்குச் சொல்லின. எதை நம்புவது? மூன்றாவது ஒன்று வாங்கினேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மருத்துவரும் சிரித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஈ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்றார்.

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு சார் ரெண்டு தடவை பார்த்தீங்க?"

"கண்ணாடியத் தொடைச்சிட்டுப் பார்த்தேம்மா."

அந்தப் பதிலையும் நான் நம்பவில்லை.

இப்படிப்பட்ட எனக்குத்தான், போன ஆண்டு, ஒரு நல்ல மனிதர்மேல் சந்தேகம் வந்தது. அதோ, முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாரே, லிஃப்ட் அண்ணன்! மாடிக் கட்டடங்களில் மின்தூக்கி பழுது பார்ப்பவர். மேட்டின் உச்சிக்கு எப்போதும் முதலில் போய்ச் சேர்ந்து, பின்னால் மூச்சிரைக்க வரும் எங்களைப் பார்த்து, "என்ன, எல்லாரும் படிக்கட்டுலயா வர்றீங்க?" என்று கேட்கும் குறும்புக்காரர். அவருடைய எண் முதலில் நாற்பத்து நான்கு. பிறகு நாற்பது. பிறகு முப்பத்தேழு. பிறகு முப்பத்து நான்கு! நாற்பதைத் தொட்டதிலிருந்து ஐந்து வாரம் தொடர்ந்து மஞ்சள் தொப்பி அவர் தலையில். குழுவில் வாழ்த்து மழை.

ஆனால் மேட்டில் என்ன நடந்தது? முதலில் வந்தவர் மூன்றாவதாக வந்தார். பிறகு அவரே கடைசியாக வந்தார். கேட்டால், "சும்மா மெதுவா வர்றேன்" என்றார். சும்மா! தராசில் தட்டு இறங்குகிறது, முள் ஏறுகிறது என்றால் நான் என்ன செய்வேன்? அந்தத் தராசைக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடுவேன். மனிதர் தளர்கிறார், எண் மட்டும் தேறுகிறது என்றால் என்ன பொருள்? பொய் சொல்கிறார்! தொப்பிக்காகப் பொய் சொல்கிறார்! என் எண் நாற்பத்தொன்று. ஐந்து வாரமும் இரண்டாம் இடம். ஆகவே அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஒரு ஞாயிறு. மேட்டின் உச்சி. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பதினைந்து பேர் நிற்கிறோம். லிஃப்ட் அண்ணன் கடைசியாக வந்து, வண்டியைச் சாய்த்துவிட்டு நின்றார். எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்.

"அண்ணே, கையைக் குடுங்க. நான் எண்ணிப் பார்க்கணும்."

"ஏம்மா, என்னைத் திருடன்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. கை சொல்லட்டும்."

"கடைக்காரங்க தராசு போதலன்னு இப்ப என் கையையும் தூக்கிப் பார்க்க வந்துட்டியா?" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் கையை நீட்டினார். நம் தலைவர்தான் நேரம் பார்த்தார். நான் எண்ணினேன். ஏறி முடித்த நெஞ்சு குதிரை மாதிரி ஓட வேண்டும். குறைந்தது நூற்று நாற்பது காட்டும், பிறகு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தே பொய்யைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வரவில்லை. காத்திருந்தேன். வந்தது. மறுபடி காத்திருந்தேன். ஒரு நிமிடம் முடிந்தது.

முப்பத்தாறு.

அவையோரே, அப்போது என்ன செய்தோம் தெரியுமா? கை தட்டினோம்! "ஏறிட்டு வந்தும் முப்பத்தாறா! மனுஷனா மெஷினா!" என்று யாரோ கத்தினார். யார் என்று சொல்ல மாட்டேன். தலைவர் என்னை முறைக்கிறார்.

பொய்யைப் பிடிக்கப் போன என் விரல் நுனியில் மெய் அகப்பட்டது. அந்த மெய், பொய்யைவிடப் பொல்லாததாக இருந்தது. பத்தாண்டுத் தொழிலில் நான் கண்ட ஒன்று உண்டு: தராசு தவறினால் கடைக்காரர் கள்வர் என்றே பொருள் இல்லை. சில நேரம் கடைக்காரர் நேர்மையானவர். கெட்டுப்போன தராசு கொள்ளையடிப்பது அவரைத்தான். அண்ணன் நேர்மையானவர். அவர் நெஞ்சுதான் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஓய்வில் மெதுவாக அடிப்பது வலிமையாக இருக்கலாம். மேடேறி முடித்தும் மெதுவாகவே அடிப்பது எப்படி வலிமையாகும்?

"அண்ணே, வண்டியைத் தொடாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போம்மா. சைக்கிள்காரன் நெஞ்சு இப்படித்தான் இருக்கும்."

அவருடைய மனைவிக்கு அலைபேசியில் அழைத்தேன். முப்பத்தாறு என்று சொன்னேன். அண்ணி கொட்டிவிட்டார்.

"சட்டை பட்டன் போடுறப்போ நடுவுல கட்டில்ல உட்கார்ந்துக்கிறாரும்மா. கேட்டா தூக்கக் கலக்கம்கிறார். ஒரு மாசமாவே எனக்குச் சந்தேகம்தான்."

"ஏன் அண்ணி யார்கிட்டயும் சொல்லல?"

"நெஞ்சு நல்லா இருக்குன்னு ஊரே தொப்பி போட்டு அனுப்புது. அந்த மனுஷன்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

தாய்மார்களே, இதைக் கேட்டு என் தலை குனிந்தது. கட்டிலோரத்தில் உட்கார்ந்தவரைக் கண்டது ஒரே ஒருவர். அவர் வாயை அடைத்தது எங்கள் கைதட்டல்!

அண்ணி அலைபேசியிலேயே அதட்ட, வழியில் போன ஒரு காரை நிறுத்தி அண்ணனை ஏற்றினோம்; அண்ணி நேரே மருத்துவமனைக்கு வந்தார். மருத்துவமனை வாசலில் இருந்த செவிலியர் நாடி பார்த்தார். "சைக்கிள் ஓட்டுறவரா? அப்ப நார்மல்தான், உட்காருங்க" என்றார். பாருங்கள், எங்கள் பெருமை எங்களுக்கு முன்னே போய் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது! நான் சொன்னேன், "சிஸ்டர், தூங்கி எழுந்தப்ப இல்ல. மேடு ஏறி முடிச்ச உடனே முப்பத்தாறு." அவர் பேனா அப்படியே நின்றது. அதற்குப் பிறகு யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

நெஞ்சின் மேலறை அனுப்பும் செய்தி கீழறைக்குப் போய்ச் சேரவே இல்லை என்று மருத்துவர் விளக்கினார். படுத்திருந்த அண்ணன் கேட்டார், "மேல் மாடியில பட்டனை அழுத்துறாங்க, லிஃப்ட் வரல. அதானே டாக்டர்?" மருத்துவரே சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை. "இன்னும் நாலு ஞாயிறு விட்டிருந்தா?" என்று கேட்டார். மருத்துவர் தாளைத் திருப்பினார். மறுநாள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இப்போது அண்ணன் மறுபடி எங்களுக்கு முன்னால் போகிறார். கைதட்டுங்கள்! இந்த முறை தாராளமாகத் தட்டலாம்.

இங்கே முடித்திருந்தால் இது நல்ல பேச்சு. ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது.

வாரத்துக்கு ஒன்று போல ஆண்டுக்கும் ஒரு மஞ்சள் தொப்பி உண்டு; அது இன்று வழங்கப்பட வேண்டும். லிஃப்ட் அண்ணனுக்கு இயந்திரத் துணை இருப்பதால் அவரை விலக்கிவிட்டார்கள். முதலிடம் எனக்கு. நாற்பத்தொன்று. சற்று முன் செயலாளர் அறிவித்தார், நீங்கள் தட்டினீர்கள். தட்டிய ஒவ்வொரு கையையும் நான் சந்தேகத்தோடு பார்த்தேன்.

தலைவர் அவர்களே, அந்தத் தொப்பியை நான் வாங்க மாட்டேன். என் நாற்பத்தொன்று வலிமையா, வியாதியா? எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாக மேட்டின் கடைசி வளைவில் என் கண்முன்னே சாம்பல் நிறம் படர்கிறது. மூன்று முறை. மூன்று முறையும், கண்ணாடியில் தூசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிகாரத்தைச் சந்தேகித்தவள், மருத்துவரைச் சந்தேகித்தவள், களங்கமில்லாத ஒரு மனிதரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனவள், தூசியை மட்டும் நம்பினேன்! ஏன்? இனி ஓட்டாதே என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் இருக்க எந்தப் பொய்யையும் நம்பத் தயாராக இருந்தேன். இதை இதுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் வரிசையில் என் அம்மா எழுந்து நிற்கிறார்.

"என்னடி சொல்ற?"

அம்மா, உட்காரும்மா. வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. வீட்டில் நீ ஒருத்தி. இங்கே இருநூறு பேர் இருக்கிறார்கள், நீ அழ மாட்டாய் என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ட்ரெட்மில் எனும் ஓடும் பட்டையில் ஏற்றி நெஞ்சைப் பரிசோதிக்க நேரம் வாங்கியிருக்கிறேன். தள்ளிப்போட மாட்டேன். தள்ளிப்போட முடியாதபடிதான் இத்தனை பேர் காதில் போட்டிருக்கிறேன். நீயும் வா.

அன்பர்களே, மிதிவண்டியை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மெதுவான நெஞ்செல்லாம் நோயுற்ற நெஞ்சு என்றும் சொல்லவில்லை. உங்களில் பலருடையது எஃகு. ஆனால் அது எஃகு என்று கைதட்டல் சொல்லக்கூடாது, சோதனை சொல்லட்டும். பக்கத்தில் மிதிப்பவர் பின்தங்கினால் கேளுங்கள். சும்மா என்றால் மறுபடி கேளுங்கள். கோபித்துக்கொண்டால் மூன்றாம் முறை கேளுங்கள். உங்களைப் பார்த்து அவர் கேட்கும்போது, கையை நீட்டுங்கள்!

பொறுமையோடு கேட்ட அவைக்கும், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட தலைவருக்கும் நன்றி. மேடையை விட்டு இறங்குகிறேன். வழி விடுங்கள், என் அம்மா இங்கேயே வந்துகொண்டிருக்கிறார். வணக்கம்.