ஸ்டெல்லாக்காவுக்குக் கைத்தட்டல்

ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஏதோ சர்ச்சில் நினைவுக் கூட்டம் முடிந்து வருகிறார்கள்.

"செத்துப்போன ஸ்டெல்லாக்காவைப் பத்தி பாஸ்டர் பேசிகினே கீறாரு, நீ இன்னாடி பாதியில உக்காந்துட்ட? காது கேக்காதவங்களுக்கு யாரு சைகையில சொல்றது?" என்றார் மூத்தவர்.

"எனக்கு முன்னாடி அக்கா சைகை சொல்லிகினு இருந்தப்ப இன்னா பண்ணும்? பிரசங்கம் இழுத்துச்சுன்னா, 'போன வாரம் சொன்னதேதான்'னு கையில காட்டிட்டு உக்காந்துடும். நானும் அதையே காட்டினேன்."

"அதான் அவங்கல்லாம் அப்படி சிரிச்சாங்களா?"

"சிரிச்சிகினே அழுதாங்க அண்ணி."

"ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினாங்களே, அது இன்னாத்துக்கு?"

"அதான் அவங்க கைத்தட்டல், அக்காவுக்கு. பாஸ்டர் தனக்குன்னு நெனச்சிகினு மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிட்டாரு."