புகைந்தது யார்?

அவைத்தலைவர் அவர்களே, சொல்லிக்கொடுத்தே தொண்டை கட்டிப்போன எங்கள் ஆசிரியை அவர்களே, ஆன்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே, வணக்கம்!

மாலைநேர ஆங்கில வகுப்பின் ஆண்டுவிழாவில் ஒரு தையல்காரியைப் பேச அழைத்தீர்கள். பேசுகிறேன். பெருமையாகவே பேசுகிறேன்.

என் கணவர் நூற்பாலையில் இயந்திரம் ஓட்டுகிறார். ஒருநாள் அந்த இயந்திரம் குபுகுபுவெனப் புகைந்தது. பாய்ந்துபோய் நிறுத்தினார். ஆலை தப்பியது, ஆட்கள் தப்பினார்கள். மனம் குளிர்ந்த மேற்பார்வையாளர் பாராட்டித்தான் மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினார். இதோ, மேடையில் தலையாட்டுகிறார். வந்த பதில் என்ன? பரிசா? பதவியா? உன்னை ஏன் வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்று கேட்டு ஓலை! பஞ்சுக்கு நடுவே புகைபிடித்தாராம்!

யாரம்மா அங்கே சிரிப்பது? அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

"சிகரெட்டை நான் கையால தொட்டதுகூட இல்லையே, உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியும். ஆலைக்குத் தெரியவேண்டுமே!

மேற்பார்வையாளர் எழுதியதை வாங்கிப் படித்தேன். "Smoking heavily, the operator stopped the machine." பளிச்சென்று பிடிபட்டது. Smoking என்றால் புகைவதும்தான், புகைபிடிப்பதும்தான். புகைந்தது இயந்திரம். ஆனால் புகையைச் சொல்லும் சொற்கள் வாக்கியத்தின் வாசலில் நின்றுகொண்டு, அடுத்து வந்த மனிதரைப் பிடித்துக்கொண்டன! ஆங்கிலத்தில் அடைமொழி யார் பக்கத்தில் நிற்கிறதோ அவரையே சேரும். சட்டைப்பையை முதுகில் தைத்தால் பேனாவை எங்கே செருகுவது?

விசாரணைக்கு மேற்பார்வையாளரோடு நானும் போனேன். தெளிவாகத்தானே எழுதியிருக்கிறது என்றார் அதிகாரி.

"தெளிவாத்தான் இருக்குங்க ஐயா. வார்த்தைதான் தப்பான ஆள் பக்கத்துல நிக்குது."

முன்னால் நின்ற இரண்டு சொற்களைத் தூக்கி, முன்பின் மாற்றி, இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தேன். "The operator stopped the heavily smoking machine." ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. தான் சொல்லவந்தது இதுதான் என்று மேற்பார்வையாளர் கையெழுத்திட்டார். அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் படித்தார். பிறகு வெளியே நின்ற என் கணவரை உள்ளே அழைத்து, எழுந்து நின்று கைகொடுத்தார்.

இந்த வயதில் உனக்கு எதற்கு இங்கிலீஷ் என்று கேட்ட தெருவே, கேள்! நேற்றுவரை நம்மைப் பற்றிப் பிறர் எழுதினார்கள், நாம் படிக்காமல் கையெழுத்திட்டோம். இனி படிப்போம்! பிழையிருந்தால் பிடிப்போம்! பிடித்த பிழையைத் திருத்தி, நம் பெயருக்குப் பக்கத்தில் நமக்குரிய சொல்லைத்தான் நிற்கவைப்போம்!

இவ்வளவு நேரம் இடம் மாறாமல் உட்கார்ந்திருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.