தலைவருக்கு முளைத்த மீசை

— கண்ணாடி சரி. நெத்தி சரி. இந்த மீசை எங்கேர்ந்து வந்துச்சு மாப்ள?

— இன்னா மீசை? எங்க மீசை? வெளிச்சத்துல காட்டு மச்சான்.

— இந்தா, உன் கண்ணாலயே பாரு. என் தலைவரு பொறந்ததுலேர்ந்து மீசை வெக்காதவரு. நாடே பாத்த மூஞ்சி. நீ நெய்ஞ்ச சால்வையில ரெண்டு பக்கமும் முறுக்கி வுட்டுகினு நிக்கறாரு!

— அண்ணே, முதல்ல உக்காருண்ணே. காபி எடுத்தாறேன்.

— காபி வேணாம் ஜெயம், தண்ணி கூட வேணாம். நீதானே அழுதுகினே போன் பண்ண? 'அவரு செஞ்சது தப்புதாண்ணே, உனக்குன்னு உன் தலைவரு மூஞ்சி போட்டு பட்டு சால்வை நெய்ஞ்சி வெச்சிருக்காரு, வாங்கிகினு போ, வெள்ளிக்கிழமை எம்பொண்ணு சுகன்யா நிச்சயத்துக்கு தாய்மாமனா வந்து நில்லு'ன்னு. தங்கச்சியாச்சேன்னு கடைய சாத்திட்டு ஆரணியிலேர்ந்து ஓடி வந்தேன். இதுக்கா கூப்ட்ட?

— வேணும்னு செய்யலண்ணே. ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்களேன்.

— மச்சான், முருகன் சத்தியமா எனக்குத் தெரியாது. தறியில நல்ல பக்கம் கீழ பாத்துகினு இருக்கும், நமக்குத் தெரியறது முதுகுப் பக்கம்தான். நீயும் தறிக்காரன் புள்ளதானே. அறுத்து எடுத்தாதான் மூஞ்சி தெரியும்.

— அடியில ஒரு கண்ணாடிய புடிச்சிப் பாக்கறதுக்கு இன்னா கேடு?

— கண்ணாடிய பாத்து பாத்துதான் சலிச்சிப் போச்சே. ஊரு பூரா உங்க கண்ணாடிக்காரரு போஸ்டருதானே.

— பாத்தியா ஜெயம்? இந்த வாய்தான்! இந்த வாய்தான் வேணாங்கறேன்!

— ஏங்க! இன்னிக்கு ஒரு நாளாச்சும்!

— சரி, சரி. நடந்தத சொல்லிடறேன். எலெக்‌ஷனுக்கு முன்னால எங்க தலைவரு மீசைக்காரருதான் பிரதமருன்னு ஒரு வியாபாரி அடிச்சி சொன்னான். அவரு மூஞ்சி போட்டு பன்னெண்டு சால்வை ஆர்டர் குடுத்தான். நானும் படத்துக்கு ஏத்தாப்ல அட்டையில ஓட்டை அடிச்சி, தறி மேல இருக்கற ஜக்காடு பெட்டியில ஏத்திட்டேன். ரிசல்ட்டு வந்து உன் ஆளு ஜெயிச்சாரா, அந்த வியாபாரி போன எடுக்கறதயே வுட்டுட்டான். அட்டை மட்டும் என்ன மொறைச்சிகினு கெடந்துச்சு.

— அதுக்கு?

— உன் தங்கச்சி வந்து 'அண்ணனுக்கு ஒரு சால்வை நெய்ஞ்சி குடுங்க, கோவம் போயிடும்'னு உக்காந்துகினா. குறுக்க ஓடற ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஒரு அட்டை. முழு மூஞ்சிக்கு புது அட்டை அடிக்க நாளு ஏது? அதனால நெத்தி, காது, தாடை எல்லாம் பழசையே வெச்சிகினேன். கண்ணு வர்ற எடத்துல கண்ணாடிக்கு மட்டும் புது அட்டை. மீசைய உருவிட்டு அங்க வெறும் உதட்டுக்கு நாப்பது அட்டை.

— டேய்! என் தலைவருக்கு அந்த மீசைக்காரன் தாடையா?

— ரெண்டும் ஒரே தாடைதான் மச்சான். போட்டோவ பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்துட்டேன். காதும் ஒண்ணுதான். கண்ணாடியக் கழட்டி, மீசைய வழிச்சிட்டா பெத்தவளே கொழம்பிப் போவா.

— அப்ப உருவின மீசை மறுபடி எப்பிடி முளைச்சிது?

— பழைய மீசை அட்டையும் புது உதட்டு அட்டையும் ஒரே ஆணியில மாட்டியிருந்தேன். கோக்கசொல்லோ மாறிப் போச்சு. நாப்பது அட்டை. அவ்ளோதான் தப்பு.

— தப்பா? உன் வயித்தெரிச்சல் மாப்ள அது! கண்ணீர் அஞ்சலி போட்டவன்தானே நீ?

— அத்த இன்னும் மறக்கலயா?

— மறக்கறதா? ஓட்டு எண்ணற அன்னிக்கு முள்ளிப்பட்டு கூட்ரோட்ல பத்தடிக்கு பேனரு! நடுவுல என் போட்டோ, மாலையோட! மேல 'கண்ணீர் அஞ்சலி'!

— கீழ சின்ன எழுத்துல 'சக்கரவர்த்தியின் நம்பிக்கைக்கு'ன்னு போட்டுதானே இருந்துச்சு.

— அத்த எவன் படிச்சான்? பெரணமல்லூரு சின்னம்மா மார்ல அடிச்சிகினு பஸ்லேர்ந்து எறங்குது. நான் வாசல்ல நின்னு வெத்தலை போட்டுகினு இருக்கேன். என்னப் பாத்து, கையில இருந்த மாலையோட மயக்கம் போட்டு வுழுந்துச்சு. பந்தல்காரன் வந்து எத்தினி சேரு போடட்டும்னு என்னயே கேக்கறான்!

— காலையில பத்து மணிக்கு உன் ஆளு பின்னாடி இருந்தாரு. சாயங்காலத்துக்குள்ள முன்னாடி வருவாருன்னு யாரு கண்டா? பேனர்காரன்கிட்ட அவசரப்பட்டு சொல்லிட்டேன்.

— எழவுக்குன்னு அண்ணன் வூட்டுக்கு வந்தவங்களுக்கெல்லாம் நான்தான் டீ போட்டுக் குடுத்தேன். இருபத்தேழு டீ. எனக்கு ஒருத்தரும் அஞ்சலி போடல.

— நீ சும்மா இரு ஜெயம். நான் மட்டும்தான் தப்பா? உங்கண்ணன் இன்னா செஞ்சாரு கேளு. தலைவரு ஜெயிச்ச அன்னிக்கே முப்பது வருஷத்து மீசைய வழிச்சிட்டாரு. பவர் இல்லாத கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டிகினு பஜார்ல சுத்தறாரு. அத்த மாட்டிகினு அவரு ஜரிகைக் கடையில நூலு கூட எண்ண முடியல, அப்புறம் எதுக்கு கண்ணாடின்னு சனம் சிரிக்குது.

— அது பற்று மாப்ள. உனக்குப் புரியாது.

— எனக்கு ஏன் புரியாது? டீக்கடையில பெஞ்ச ரெண்டா பிரிச்சிப் போட்டிருக்காங்க. இந்தப் பக்கம் கண்ணாடி பெஞ்சு, அந்தப் பக்கம் மீசை பெஞ்சு. டீ மட்டும் ஒரே பாய்லர்லேர்ந்து வருது. சலூன்ல 'மீசைய ஒதுக்கட்டுமா'ன்னு கேட்ட பாவத்துக்கு முடிவெட்டறவர அடிச்சிப் போட்டுட்டாங்க. எல்லாம் உங்க தலைவரு வாயாலதான்.

— அவரு வாயி இன்னா பண்ணுச்சு?

— 'எனக்கு ஓட்டு போடாதவன் இந்த நாட்டுக்கு விருந்தாளி. விருந்து மூணு நாளைக்குத்தான்'னு மேடையில சொன்னாரா இல்லியா?

— அது தத்துவம்.

— தத்துவமா? அந்த தறிக்குழியில முப்பத்தெட்டு வருஷமா கால தொங்கப்போட்டு உக்காந்திருக்கேன் மச்சான். எங்கப்பன் அதே குழியில உக்காந்தாரு. நான் விருந்தாளியாம். அத்த கேட்டு நீ கைதட்டுற. உனக்கு அப்ப என் மூஞ்சி ஞாபகம் வரலியா? எனக்கு அதுதான் மச்சான் வலிக்குது. பேனரு போட்டதே அந்தக் கடுப்புலதான்.

— உன்னையா சொன்னாரு? பொதுவா சொன்னாரு.

— பொதுவுல நானும்தானே இருக்கேன்.

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. எம்பொண்ணப் பத்தி ஒரு வார்த்த பேசுங்க. மூணு வருஷமா செய்யாறு கம்பெனி பஸ்ல ஒண்ணா போய் வந்துதுங்க, சுகன்யாவும் தீனாவும். தீனாவோட அப்பாவ, அந்த மணவாளன் அண்ணன, வழிக்குக் கொண்டாற நான் எத்தினி தபா நடந்திருப்பேன்? கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'தாய்மாமன் மாலை போட்டு பொண்ண மணையில உக்கார வெக்கட்டும், அந்த மொறை மட்டும் தவறக் கூடாது'ன்னாரு. அண்ணே, உன் கால வேணும்னாலும் புடிக்கிறேன்.

— உன் மேல எனக்குக் கோவம் இல்ல பாப்பா. இந்தாளு மன்னிப்பு கேக்கட்டும். தலைவரு படத்துக்கு முன்னால.

— உனக்கு முன்னால கேக்கறேன் மச்சான். நூறு தபா கேக்கறேன். படத்துக்கு முன்னால முடியாது.

— ஏன் முடியாது?

— எந்த மூஞ்சிய பாத்து கேக்கறது? கண்ணாடியப் பாத்தா, மீசையப் பாத்தா?

— ஏங்க, ஐயோ!

— போதும்! போதும் ஜெயம்! இதுக்கு மேல பொறுத்துகினா நான் சோத்துல உப்பு போட்டு துன்றவன் இல்ல! எங்க என் போனு? அலோ, மணவாளன் அண்ணனா? நான் சக்கரவர்த்தி, சுகன்யாவோட தாய்மாமன். வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு நான் வரல. மாலையும் போட மாட்டேன், மணையில உக்கார வெக்கவும் மாட்டேன்… காரணமா? மீசைதான் காரணம்… ஆமாங்க, மீசை… எம்மீசை இல்லீங்க, தலைவரு மீசை… எங்க குடும்ப விஷயம், வுடுங்க. தகவல் சொல்லிட்டேன், வெச்சிடறேன்.

— அண்ணே, இன்னாண்ணே பண்ணிட்ட! ஏங்க, நீங்களாச்சும் உடனே அவருக்கு போன் போட்டு ஏதாச்சும் சொல்லுங்க.

— உங்கண்ணன் மூட்டுன தீ, உங்கண்ணனே அணைக்கட்டும்.

— நான் கெளம்பறேன். மணி இன்னா? ஏழாவுதா? அடடா, தலைவரு பதவியேற்பு! வூட்டுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடும். ஜெயம், அந்த டிவிய போடு.

— என் வூட்டு கரெண்ட்ல உன் தலைவரா?

— ஒரு அஞ்சு நிமிஷம்தான். பாத்துட்டு நான் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்.

— ஐயோ, மணவாளன் அண்ணன்தான் கூப்புடறாரு. அண்ணே, நீ பேசறியா? ஏங்க, நீங்க? யாருக்கும் காதுல வுழல. நானே பேசித் தொலைக்கிறேன், பின்னால போய்.

— கதவ சாத்திட்டு பேசு ஜெயம், இங்க சவுண்டு கேக்கல. ஆங், பாரு மாப்ள, நடையப் பாரு. சிங்கம். கையெழுத்து போட்டுட்டாரு. பிரதமரு ஆயிட்டாரு!

— பாக்கறேன், பாக்கறேன். அது யாரு மச்சான், அடுத்ததா மேடை ஏறறது?

— யாராச்சும் மந்திரியா இருக்கும்.

— அந்த நடை எனக்குத் தெரிஞ்ச நடையாக் கீது.

— சும்மா இரு.

— மச்சான், அது மீசை.

— எந்த மீசை?

— எங்க மீசை.

— வாழ்த்து சொல்ல வந்திருப்பாரு.

— வாழ்த்து சொல்றவன் எதுக்கு உறுதிமொழி படிக்கறான்? கீழ எழுத்து ஓடுது பாரு. துணைப் பிரதமரு. ரெண்டு கட்சியும் நேத்து ராத்திரியே பேசி முடிச்சிட்டாங்களாம். கட்டிப் புடிச்சிகினாங்க. உன் ஆளு அவரு முதுகத் தட்டறாரு.

— பெருந்தன்மை மாப்ள. எதிரியையும் அணைச்சிக்கிற மனசு எவனுக்கு வரும்? அதான் எங்க தலைவரு.

— எங்க தலைவரு மட்டும் இன்னா இளப்பமா? வெளிய நின்னு கத்தி பிரயோஜனம் இல்லன்னு உள்ள போயிருக்காரு. உள்ள இருந்து எதிர்ப்பாரு, பாரேன்.

— அதுவும் சரிதான்.

— சரிதானே?

— மாப்ள, அந்த சால்வைய எடு.

— எதுக்கு? கிழிக்கவா?

— எவன்டா கிழிப்பான் இத்த? கண்ணாடியும் மீசையும் ஒரே மூஞ்சியில! இந்தியாவுலயே எவன்கிட்ட கீது இது? நாளைக்கு மாவட்டச் செயலாளரு தோள்ல போட்டுவுட்டேன்னா ரெண்டு கட்சிக்காரனும் க்யூவுல நிப்பான். இதே மாதிரி இன்னும் பதினொண்ணு தறியில ஓட்டு. அட்டைய கலைச்சிடாத!

— நான் எங்க கலைக்கப் போறேன்? அது பாட்டுக்கு கெடக்குது. மச்சான், பேனரு விஷயத்துல நான் செஞ்சது தப்புதான்.

— வுடு மாப்ள. நல்ல போட்டோவாதான் போட்டிருந்த. நானும் உன்ன விருந்தாளி ஆக்குன பேச்சுக்கு கைதட்டியிருக்கக் கூடாது. ஆனா இனிமே நீயும் ஆளுங்கட்சிதானே?

— அட, ஆமாம் இல்ல!

— ஜெயம்! ஏ ஜெயம்! எவ்ளோ நேரம் பின்னால? வா, வந்து ஒரு போட்டோ எடு. நானும் மாப்ளயும் சால்வைய ஆளுக்கொரு பக்கம் புடிச்சிகினு நிக்கறோம்.

— உங்கண்ணன் வெள்ளிக்கிழமை வராராம் ஜெயம்! சந்தோஷமா?

— வராம? எந்தங்கச்சி பொண்ணுக்கு நான் மாலை போடாம வேற எவன் போடுவான்? இரு, மணவாளன் அண்ணனுக்கு நானே போனப் போட்டு சொல்லிடறேன்.

— போட வேணாம்ண்ணே. இவ்ளோ நேரம் அவருகிட்டதான் பேசிகினு இருந்தேன்.

— அப்ப ரொம்ப நல்லதா போச்சு. நாங்க ராசியாயிட்டோம்னு சொன்னியா?

— சொன்னேன். கதவுக்கு அந்தாண்டயிருந்து எல்லாம் கேட்டுச்சு. சால்வை பதினொண்ணு ஓட்டச் சொன்னது வரைக்கும் சொன்னேன்.

— அதுக்கு இன்னா சொன்னாரு? ஏன் அழுவற ஜெயம்?

— 'நானும் டிவி பாத்துகினுதாம்மா இருக்கேன். தலைவருங்க அடிச்சிக்குவாங்க, சேந்துக்குவாங்க, அது அவங்க பொழப்பு. உங்க வூட்டு ஆம்பளைங்க சண்டை போடவும் அவங்கதான் சொல்லணும், சமாதானம் ஆவவும் அவங்கதான் சொல்லணும்னா, நாளைக்கு அவங்க மறுபடி பிரியசொல்லோ எம்புள்ள குடித்தனம் இன்னாவும்? வெள்ளிக்கிழமை நாங்க வரல'ன்னுட்டாரு.