ஒரு விரல் அகலம்

புதுக் கண்ணாடி போட்டதும் தலை வலிக்கிறது என்று எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது. வில்லையின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேரே உட்காராமல் மயிரிழை தள்ளி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். கழற்றிச் சரியாக மாட்டினால் வலி போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. அதனால் எதிலும் நடு தவறினால் எனக்குப் பொறுக்காது. இதை ஒரு குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. புகார் கொடுத்த என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அவர்களில் ஒருவர். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். நான் ஸ்டேஷனுக்கு வந்திருப்பது ஒரே ஒரு விஷயத்தைத் திருத்த.

என் மகள் பதினொரு வயதில் கோல்ஃப் விளையாட ஆரம்பித்தாள். உயரமான பெண், நீளமான கைகள். பந்தை வெகுதூரம் அனுப்புவதற்கென்றே பெரிய தலையோடு ஒரு மட்டை இருக்கிறது. அதற்கு டிரைவர் என்று பெயர். வீட்டுக்கு ஒரு டிரைவர் வேண்டும் என்று நான் சொன்னபோது, "நம்மகிட்ட காரே இல்லையே, டிரைவர் எதுக்கு?" என்றாள் என் மனைவி. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம். எங்கள் வீட்டில் சிரிப்பே கிடையாது என்று மச்சான் எழுதியிருந்தால் அது சரியல்ல.

டிரைவரின் முகம் உள்ளங்கை அகலம்தான். பந்து அதன் நடுவில் பட வேண்டும். மகளுக்குத் தண்டு சேரும் பக்கமாகவே பட்டது. அப்படிப் பட்டால் பந்து சோம்பலாக வலப்பக்கம் வளைந்துபோய்ப் பாதி வழியிலேயே விழும். மட்டையின் முகத்தில் காலுக்குப் போடும் பவுடரைத் தெளித்துவிட்டு அடித்தால் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். ஒவ்வொரு வட்டத்தையும் அளந்து ஒரு நோட்டில் குறித்தேன். ஐந்து வருஷம் ஆகியும் வட்டம் நடுவுக்கு வரவில்லை. மூன்று போட்டிகளில் அதனாலேயே தோற்றாள்.

அதற்கு ஒரு பயிற்சி உண்டு, நான் கண்டுபிடித்தது அல்ல. பந்துக்கு அந்தப் பக்கம், மட்டையின் நுனிக்குச் சற்றுத் தள்ளி, ஓர் அட்டைப்பெட்டியை வைக்க வேண்டும். கை வெளியே நீண்டால் மட்டை பெட்டியில் இடிக்கும். இடிக்காமல் அடித்தால் பந்து தானாக நடுவில் படும். வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கார் ஷெட்டில் வலை கட்டிப் பெட்டியை வைத்தேன். நாளுக்கு நாலு பெட்டி கிழிந்தது. அவள் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. அவள் ஜெயித்த முதல் கோப்பையை வைத்துப் பார்த்தேன், நசுங்கியது. அவளுடைய போனை வைத்தேன். அது உடைந்த பிறகு ஒரு வாரம் வட்டங்கள் நன்றாக வந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். கோளாறு கையில் இல்லை, அக்கறையில் இருந்தது.

சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டேன். அவள் ஒரு பேக்கரியில் கேக்குகளின்மேல் கிரீமில் பெயர் எழுதுகிறவள், நடுங்காத கை. என் பேச்சை மீறியதில்லை. "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டாள். இடது கை போதும் என்றேன். எழுதுவது வலது கையால் அல்லவா.

மகள் இரண்டு நாள் மாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தாள். நான் அதட்டவில்லை. "அம்மா உன்னை நம்புறா, பாப்பா. நீதான் அவளை நம்ப மாட்டேங்கிற" என்றேன். மூன்றாம் நாள் மட்டையை எடுத்தாள். மனைவி எதிரே மண்டியிட்டு, பெட்டி இருந்த இடத்தில் ஒரு பலகைமேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மட்டையின் நுனிக்கும் கைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டிருந்தேன். பதினொரு பந்து. பதினொன்றும் நடுவில். அன்று மகள் வெளியே போய் வாந்தி எடுத்தாள்; வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

அதன்பிறகு தினமும் காலையில், நான் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், பதினொரு பந்து. ஒவ்வொரு தடவையும் பந்தையும் பலகையையும் நான்தான் நேர் செய்வேன். நான்கு விரலை மூன்றாக்கினேன், பிறகு இரண்டாக்கினேன். ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் தவறவில்லை. ஒரு பெரிய போட்டியில் முதலாவதாக வந்தாள்.

அந்தப் போட்டியைப் பார்த்த ஒரு பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். வேறு ஊரில், தங்கிப் படிக்கும் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். எல்லாம் பிரமாதம் என்றவர், ஒன்று மட்டும் கேட்டார்: "அடிச்சதும் எல்லாரும் பந்தைப் பாப்பாங்க. உங்க பொண்ணு ஏன் தரையைப் பாக்குது?" பழக்கம் என்றேன். மகள் எழுந்து உள்ளே போனாள்.

அவளுக்கு அங்கே இடம் கிடைத்தது. பெட்டியில் துணி அடுக்கும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இனிமே ஷெட்டு வேணாம்ப்பா. அவர் பாத்துக்குவாரு." எனக்குக் கோபம் வரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கோபத்தில் செய்தேன் என்று மச்சான் நினைப்பார். அவள் இன்னும் தயாராகவில்லை என்றுதான் பட்டது. பந்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிற பெண்ணை முன்பின் தெரியாதவரிடம் அனுப்ப எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? கிளம்புகிற அன்று காலையில், கடைசியாக ஒரு தடவை, என்று கேட்டுக்கொண்டேன். அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வந்தார்கள்.

அன்று வலது கையை வைக்கச் சொன்னேன். இடது கைக்கு மகள் பழகிப்போயிருந்தாள்.

பத்துப் பந்து ஆயிற்று. பதினோராவதுக்கு முன் மகள் திரும்பி நின்று, உள்ளங்கை வியர்வையைத் துண்டில் துடைத்தாள். மனைவி வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தாள். நான் குனிந்து பந்தை வைத்தேன். பலகையை நேர் செய்தேன். செய்யும்போது அதைக் கையோடு சேர்த்துப் பந்துப் பக்கமாக நகர்த்தினேன். இருந்த இரண்டு விரலுக்குமேல் இன்னும் ஒரு விரல் அகலம். மனைவிக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் அவசியம் வரவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. நான்கு எலும்பு. ஷெட்டின் இரும்புக் கதவு விழுந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னோம்.

மருத்துவமனை வராந்தாவில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "எங்க பட்டுச்சுப்பா?" என்று கேட்டாள். அம்மாவின் கையைக் கேட்கவில்லை. மட்டையில் எங்கே என்று கேட்டாள். நான் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் துடைத்திருந்தேன்.

"தண்டுப் பக்கம், பாப்பா. பரவாயில்ல, யாருக்கும் தவறும்" என்று சொல்லி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அவள் ஊருக்குப் போகவில்லை. அடுக்கிய துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். எட்டு மாதம் மட்டையைத் தொடவில்லை. அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள், சோறு பிசைந்து ஊட்டினாள். கிரீம் பையைப் பிழிய மனைவியின் கைக்கு இனி வலு வராது; பேக்கரியில் இப்போது பெட்டி மடித்துக் கொடுக்கிறாள். அந்த எட்டு மாதமும் வீடு அமைதியாக இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. போன வாரம் மச்சான் வந்தார், தங்கையின் கையைப் பார்த்தார், மகளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அன்றே இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்று நீங்கள் என் மகளின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். "நான்தான் தப்பா அடிச்சேன். தண்டுப் பக்கம் பட்டுடுச்சு. அப்பா மேல தப்பு இல்ல" என்று சொல்லியிருக்கிறாள். நல்ல பெண். ஆனால் அது உண்மை இல்லை. பலகையை நகர்த்தியது நான். தெரிந்தே நகர்த்தினேன், அவள் போகக் கூடாது என்பதற்காக. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்தத் தண்டுப் பக்கம் என்கிற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அன்று பந்து பட்டது நட்டநடுவில். நான் பழக்கிய பிள்ளை அப்படித் தப்பாக அடிக்காது.