சாருக்குப் போன மீன் மெசேஜ்

தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்ரயிலில், எனக்கு எதிரே இரண்டு தோழிகள். வண்டி நகர்ந்ததுமே ஒருத்தி சொன்னாள்:

“நேத்து எங்க மேனேஜர் எனக்கு மீன் வாங்கிட்டு வந்தாருடி.”

“என்னடி சொல்ற?”

“ஆபீஸ் கம்ப்யூட்டர அப்டேட் பண்ணாங்கல்ல? முன்னாடி ஒவ்வொரு சாட் விண்டோவும் ஸ்கிரீனுக்குக் கீழ பேரோட வரிசையா இருக்கும். இப்ப பேரெல்லாம் போச்சு, எல்லாமே ஒரே ஐகானுக்குள்ள. எங்க வீட்டுக்காரர்னு நினைச்சு, ‘வரும்போது அரை கிலோ சங்கரா வாங்கிட்டு வாங்க’ன்னு சாருக்கு அனுப்பிட்டேன்.”

“ஐயோ! திட்டலையா?”

“அவர் கோவளத்துக்காரர். மத்தியான ஷிப்டுக்கு வரும்போது ஐஸ்ல வச்சு எடுத்துட்டு வந்தாரு. ‘எங்க ஊரு மீனக் கேக்க உனக்கு இவ்ளோ நாளாச்சாம்மா’ன்னு ஒரே சந்தோஷம்.”

“அப்ப உன் வீட்டுக்காரர் வெறுங்கையோட வந்தாரா?”

“அவரும் சங்கராவோடதான் வந்தாரு. அவருக்கு மெசேஜே போகல. எனக்குப் பிடிக்குமேன்னு அவராவே வாங்கினாராம்.”

தோழி சிரித்த சிரிப்பில், குரோம்பேட்டையில் ஏறியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவ்ளோ மீனையும் என்ன பண்ண?”

“குழம்பு வச்சு சாப்பிட்டோம். மீதிய வறுத்துட்டேன்.” அவள் மடியிலிருந்த பையைத் தட்டினாள். “சாருக்கு எடுத்துட்டுப் போறேன்.”