நாற்பது செல்கள்

இந்த ஸ்டேஷன் மேசை ஆடுகிறது, மேடம். இடப்பக்கக் காலுக்கடியில் ஒரு காகிதத்தை மடித்து வைத்தால் போதும். நான் வேலை பார்க்கும் இடத்தில் மேசை இம்மி அசைந்தாலும் அளவு தப்பிவிடும். அதனால் இதெல்லாம் முதலில் கண்ணில் பட்டுவிடுகிறது.

என் வேலை பேட்டரி செல்களைச் சோதிப்பது. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன் இருக்கும். துளைபோடும் மெஷினிலிருந்து மின்வண்டி வரைக்கும் இவற்றைத்தான் அடுக்கிக் கட்டுகிறார்கள். முப்பது ஆம்பியர் தாங்கும் என்று மேலுறையில் அச்சடித்திருப்பார்கள். அது உண்மையா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். முழுக்கச் சார்ஜ் ஏற்றி, கருவியில் மாட்டி, அச்சடித்த அளவு மின்சாரத்தை ஒரே மூச்சாக உறிஞ்சுவேன். நல்ல செல் சூடாகும், ஆனால் விட்டுக்கொடுக்காது. மட்டமான செல் அரை நிமிடத்தில் வோல்டேஜ் சரிந்து படுத்துவிடும். கழற்றி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து அளந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி நன்றாகக் காட்டும். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். அப்படிப்பட்டதில் பச்சை மையால் ஒரு கோடு போட்டுக் கழிவுப் பெட்டியில் போடுவேன்.

அக்காவின் மோட்டார் சக்கர நாற்காலி வண்டியிலிருந்து எடுத்த நாற்பது செல்களிலும் பச்சைக் கோடு இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். நான் போட்டதுதான்.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. பதினாலு வருஷமாக நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, எல்லாம். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு வந்த இரண்டு வரன்களையும் நானேதான் வேண்டாமென்றேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் நான் கதவைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து, "என்னடி, இன்னைக்கு எத்தனை பேர் ஃபெயிலு?" என்பாள். அந்தக் குரலுக்காகத்தான் வீட்டுக்கே வருவேன்.

குரல் நன்றாக இருந்ததால்தான் அவளுக்கு டாக்சி கம்பெனி வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தபடியே போனில் சவாரி பிரித்துக் கொடுப்பாள். டிரைவர்களை வண்டி நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அதில் ஏழாம் நம்பர் என்று ஒருவர், மனைவியை இழந்தவர். முதலில் சவாரியைப் பற்றிப் பேசினார்கள், அப்புறம் மழை, அப்புறம் அவருடைய முழங்கால் வலி. அதற்கப்புறம் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் அக்கா குரலைத் தாழ்த்திக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

ஒருநாள் சொன்னாள். ஏழாம் நம்பர் தன் வீட்டு வாசலில் சக்கரம் ஏறச் சாய்வுப் பலகை போட்டுவிட்டாராம், குளியலறைக் கதவை அகலமாக்கிவிட்டாராம்.

"அங்கயே போயிடலாம்னு இருக்கேன். நீயும் எத்தனை நாளைக்குத்தான் எனக்காக முதுகு ஒடிவ? உன் வாழ்க்கையைப் பாரு."

எனக்கு விடுதலை கொடுக்கிறாளாம். சரி என்றேன். சமையலறையில் நின்று, கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவர் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். அக்காவின் வண்டி காரில் ஏற்ற முடியாத கனம். ஒரு மாதம் தானே போய்வந்து பழகிக்கொள்வதாகவும், யாரும் தள்ளிக்கொண்டு வர வேண்டாம் என்றும் சொன்னாள். பழைய பேட்டரி தளர்ந்திருந்தது. புதிதாகக் கட்டித்தரச் சொல்லி என்னிடம்தான் கேட்டாள்.

கட்டிக்கொடுத்தேன். மூன்று வாரம் சோதித்துப் பொறுக்கினேன். நல்ல செல்லைப் பொறுக்குவது சுலபம். ஆனால் இந்த வண்டி சமதரையில் கடை வரைக்கும் ஓட வேண்டும், மேட்டில் நின்றுவிட வேண்டும். அந்த அளவுக்குக் கெட்டதைப் பொறுக்குவதுதான் கஷ்டம். அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் செய்ததில்லை.

பாலத்தின் பாதி ஏற்றத்தில் மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் எனக்குத்தான் போன் செய்தாள். ஓடிப்போய்த் தள்ளிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் நான்தான் பேசுவேன். மூன்றாவது தடவை, தன் கனம்தான் காரணமோ என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அன்றிலிருந்து பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில், பாலம் வேண்டாம், ரயில் பாதையோரக் குடோனுக்குப் பின்னால் கேட் இல்லாத கிராசிங் இருக்கிறது, மேடே கிடையாது என்றாள். தண்டவாளத்தைத் தாண்டச் சக்கரத்துக்கு ஓர் உந்தல் வேண்டும். அந்த நேரத்தில் மேட்டைவிட அதிகமாக மின்சாரம் இழுக்கும். அது எனக்குத் தெரியும். பார்த்துப் போ என்றேன். தண்டவாளத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

பத்து இருபத்தொன்றுக்குப் போன் வந்தது.

"நடுவுல மாட்டிக்கிச்சுடி. முன் சக்கரம் தாண்டிருச்சு, பின் சக்கரம் ஏறல. வா."

எங்கள் கம்பெனியிலிருந்து ஓடினால் நாலு நிமிடம். பத்தரைக்கு ஒரு ரயில் போகும். மேசை அதிரும் என்பதால் தினமும் அந்த நேரத்தில் சோதனையை நிறுத்திவைப்போம். ஆக, நேரம் இருந்தது.

எட்டு நிமிடம் பேசியிருக்கிறாயே என்கிறீர்கள். அவர் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று சொல், புறப்படுகிறேன் என்றேன். முதலில் சிரித்தாள். அப்புறம், விளையாடாதே என்றாள். நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்த இடுப்பு பெல்ட்டைக் கழற்றப் பார்த்தாள். கொக்கி முதுகுப் பக்கம், அவளுக்கு எட்டாது. அதை மாட்டுவதும் கழற்றுவதும் நான்தான். சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் விட்டிருந்தால் செல் தேறி, வண்டி பின்னாலாவது நகர்ந்திருக்கும். அதைச் சொன்னால் பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் சொல்லவில்லை. ஏழாம் நம்பரைக் கூப்பிட்டிருக்கலாமே என்றால், போனை வைத்தால் வரவே மாட்டேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

கொஞ்ச நேரம் அழுதாள். கடைசியில் நிதானமாகத்தான் சொன்னாள்.

"சரிடி. போகல. உன்கூடவே இருக்கேன். இப்ப வா."

உடனே ஓடினேன். கம்பெனி வாசலைத் தாண்டும்போதே ரயில் ஹாரன் கேட்டது.

கெட்ட செல்லைக் கட்டியது நான், அவளை அங்கே பிடித்துவைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஏழாம் நம்பர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தன்னிடம் வரும் வழியில்தான் அவள் செத்துப்போனாள் என்று எல்லாரிடமும் சொல்லி அழுகிறார். அது தப்பு, மேடம். அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அக்கா என்னோடு இருப்பதென்று முடிவு செய்த பிறகுதான் செத்தாள்.